நாயோடு ஊருக்குப் புறப்படும் முன்

கோடை விடுமுறை நெருங்குகிறது. நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலர், "உங்கள் செவலையை ஊருக்கு எப்படி அழைத்துப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். தாம்பரத்துக்கும் கோவில்பட்டிக்கும் இடையே ஏழு ஆண்டுகளாக அவனோடு போய்வந்ததில் நான் உறுதியாக நம்புவதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். எப்போது புறப்படுவது, எங்கே நிறுத்துவது, போவதா வேண்டாமா என்பதையெல்லாம் நாயின் உடம்புதான் முடிவு செய்ய வேண்டும். நம்முடைய விடுப்பும் வசதியும் அதற்குப் பிறகுதான். இதை நான் ஒரு பெரிய தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டேன்.

செவலை நாட்டு நாய், 18 கிலோ எடை. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு சித்திரை மாதம், விழுப்புரம் தாண்டிச் சாலையோர உணவகம் ஒன்றில் காலை ஒன்பதரை மணிக்குக் காரை நிறுத்தினோம். புளியமரத்து நிழல் இருந்தது. நான்கு கண்ணாடிகளையும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, பத்து நிமிடம்தானே என்று உள்ளே போனோம். கூட்டம் மிகுந்திருந்ததால் சாப்பிட்டு வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் நிழல் நகர்ந்து, வெயில் முழுக்கப் பின்கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது செவலை எழவில்லை. நாக்கு நுனி அகலமாக விரிந்து தொங்கியது, ஈறுகள் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன, வாயோரத்தில் எச்சில் பசைபோல இழுத்தது. "ஏங்க, இவன் மூச்சு விடுறதே சரியில்லை, தண்ணியைக் கொண்டாங்க" என்று என் மனைவி போட்ட சத்தத்தில், உணவகத்தில் வேலை பார்த்த தம்பி ஒருவர் கை கழுவும் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம் என்று மாற்றி மாற்றி ஊற்றினோம். அவர் அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினான். அதற்குப் பிறகு ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் தெர்மாமீட்டர் 40 டிகிரிக்கு மேல் காட்டியது.

நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். அதாவது, இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இரண்டு டிகிரிதான் இடைவெளி. நமக்கு வியர்ப்பதுபோல அதற்கு உடம்பெங்கும் வியர்க்காது. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்து நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள முடியும். மூடிய காருக்குள் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடுவதால், அந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த இதமான நாளில்கூட ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் 47 டிகிரியை எட்டியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் 30 நிமிடங்களிலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. நம்முடைய அக்னி நட்சத்திர வெயில் எப்போது 22 டிகிரியில் தொடங்கியிருக்கிறது? அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடைமுறை ஒன்றுதான்: நிறுத்திய காரில் செவலை தனியாக ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டான். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் அவனோடு நிழலில் நிற்போம். இருவரும் களைத்திருந்தால் பார்சல் வாங்கிக்கொண்டு காரிலேயே சாப்பிடுவோம்.

ஒருவேளை அப்படி நேர்ந்துவிட்டால், முதலில் உடம்பைக் குளிரவைத்து, அதற்குப் பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடுகிறவர்கள் உண்டு. அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் காற்றுப்படச் செய்வதே சரி. வாயைத் திறந்து தண்ணீர் புகட்டக் கூடாது, தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

காரில் அவனுடைய இடம் பின்னிருக்கை. மார்பையும் தோளையும் சுற்றி வரும் ஹார்னஸை சீட் பெல்ட்டோடு மாட்டிவிடுவோம். கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கின் மொத்த இழுப்பும் தொண்டையில் விழும். நாயை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதையும், ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் கட்டாமல் நிறுத்தி ஜிஎஸ்டி சாலையில் போவதையும் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சட்டென்று நின்றால், நாய் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பறக்கும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வருவது பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் ஒரு மணல்துகள் கண்ணைப் புண்ணாக்கிவிடும். குட்டிகளுக்குப் பயணத்தில் வாந்தி வருவது வழக்கம். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நாமாக மருந்துக் கடையில் வாங்கி எதையும் கொடுக்க வேண்டாம். தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். அது மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும் திறனையும் சேர்த்து மந்தமாக்கிவிடும்.

ரயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நம் நாட்டு ரயில்களில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் ஒரு கூப்பேயையோ (இரண்டு பேருக்கான தனி அறை) கேபினையோ (நான்கு பேருக்கான தனி அறை) முழுவதுமாக நாமே எடுத்திருக்க வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசிப் பெட்டிகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. நமக்குக் கூப்பே கிடைத்ததா என்பது சார்ட் தயாரான பிறகே தெரியும் என்பதால், கடைசி நேரம் வரை மனம் பதைத்துக்கொண்டே இருக்கும். கூப்பே உறுதியான பிறகு பார்சல் அலுவலகத்தில் தடுப்பூசிப் புத்தகத்தையும் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றையும் காட்டி, நாய்க்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இது கிடைக்காதவர்களுக்கு மிஞ்சுவது, ரயிலின் கடைசியில், கார்டு எனப்படும் ரயில் காவலர் பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு.

அந்தக் கூண்டைப் பற்றி என் கருத்து கடுமையானது. அது நம் நாய்க்குப் பழக்கமில்லாத இரும்புப் பெட்டி, பழக்கமில்லாத சத்தம், பக்கத்தில் நம் வாசனை கிடையாது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாய்க்குத் தண்ணீர் தர வேண்டும் என்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ரயில் பயணத்தில் ஓர் ஆள் உடன் செல்ல வேண்டும் என்றும், எல்லா நிலையங்களிலும் அவர் நாயை அணுக வழி இருக்க வேண்டும் என்றும் அவை தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு நிமிடமே நிற்கிற நிலையத்தில், ரயிலின் நடுவே இருக்கும் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிக்குத் தண்ணீரோடு ஓடி, நாய்க்குக் கொடுத்துவிட்டு எப்படித் திரும்பி ஏறுவது? விதி சொல்வதை ரயிலின் அமைப்பே நடக்கவிடவில்லை. ஒரு பெட்டியின் ஓரத்தில் நான்கு இருக்கைகளை ஒதுக்கி, நாயோடு வருகிறவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கினால்கூட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மகிழ்ச்சியோடு கட்டுவார்கள். அதுவரை யாரும் தங்கள் நாயை அந்தக் கூண்டில் ஏற்றாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். சட்டம் நம் நாயைக் காப்பாற்றிவிடும் என்றும் இருந்துவிட முடியாது. வாகனத்தில் விலங்குக்கு வீணான துன்பம் தருவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை மட்டுமே.

விமானத்தைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. 18 கிலோ நாயைக் கேபினில் விட மாட்டார்கள். பக், புல்டாக் போன்ற குட்டைமூக்கு நாய்கள் வைத்திருப்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட விவரப்படி, ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி குட்டைமூக்கு இனங்கள். மூக்கு குட்டையாக இருக்கும் நாய்க்கு மூச்சிரைப்பதே பாடு. அவற்றைச் சரக்குப் பகுதியில் அனுப்பாதீர்கள்.

ஊர் சேர்ந்த பிறகும் கவனம் வேண்டும். புது இடத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நாய் மிரண்டு ஓடிவிடும்; அதற்குத் திரும்பி வர வழி தெரியாது. கழுத்துப்பட்டையில் நம் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருக்க வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மாட்டுத்தொழுவம் உள்ள வீட்டில் தங்கினால், காதுமடலையும் விரலிடுக்கையும் இரவில் தடவிப் பார்த்து உண்ணி எடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் பல நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பொங்கலுக்குப் போகும்போது விடியற்காலை மூன்றரை மணிக்குப் புறப்படுவோம். அதற்காக முந்தைய இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவோம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவரைவிட ஆபத்தானது அந்த நெடுஞ்சாலையில் வேறு எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தார்ச்சாலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மண் தரையில் அவனை இறக்கி நடக்கவிடுவோம். வீட்டிலிருந்து கொண்டுபோகிற தண்ணீரையும் அவனுடைய பழைய கிண்ணத்தையும் தவிர வேறெதிலும் அவன் குடிப்பதில்லை.

இப்போது செவலைக்கு ஒன்பது வயது. ஊரில் நடக்கும் இந்தச் சித்திரைக் கோயில் கொடை விழாவுக்கு அம்மா எல்லோரையும் அழைத்திருக்கிறார். நான் மட்டும் ரயிலில் போய் வருகிறேன், என் மனைவி அவனோடு வீட்டில் இருக்கிறாள். அம்மாவிடம் சொன்னபோது, "வெயில்ல அதை இழுத்துட்டு வராத, தைப்பொங்கலுக்குக் கூட்டிட்டு வா" என்றார்.