கண்ணாடி கிடைத்தது, பீடிங் கிடைக்கவில்லை

குமுளி மலைப்பாதையில் பைப்புக் கட்டு சரிந்து, என் பழைய டாட்டா 207 பிக்கப்பின் பின்கண்ணாடி கற்கண்டு போல உதிர்ந்துவிட்டது. முன்கண்ணாடி என்றால் விரிசலோடாவது நிற்கும். இது மொத்தமாகக் கொட்டிவிடும். கம்பத்தில் கேட்டால், "கட்டப்பனையில பாருங்கண்ணே." கட்டப்பனையில், "தேனியில் கிட்டும் சேட்டா." இரண்டு நாள் வாடகை போச்சு.

சரி, கண்ணாடி கிடைத்தது. அதைச் சுற்றி வண்டியோடு பிடித்து நிற்கும் ரப்பர் பட்டை, அதான் பீடிங், எங்குமே இல்லை! பழையதையே கண்ணாடியில் மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி உள்ளேயிருந்து இழுத்தார்கள். கயிறு வர வர ரப்பர் விளிம்பு தகரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். வெயிலில் விறைத்த ரப்பர் எப்படி ஏறும்? மூலையில் வெடித்துவிட்டது. மலையேறினால் மழை, நேராக முதுகில் சொட்டுகிறது. ஒரு ரப்பரைக்கூடவா கடையில் வைக்க மாட்டார்கள்?