ஒரே ஊரில் ஏழு வாரம்

"ஜப்பான் வரைக்கும் போய்விட்டு டோக்கியோகூடப் பார்க்காமலா வந்தாய்?" ஊர் திரும்பியதிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், பார்க்கவில்லை. கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி நேராகக் கியோட்டோ. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முடியும் வரை அங்கேயேதான் இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் பத்து நாளில் ஐந்து நகரம் பார்த்தேன். பெட்டியைக் கட்டியதும் அவிழ்த்ததும்தான் இன்று நினைவில் இருக்கிறது. அத்தனை செலவு செய்து அத்தனை தூரம் போவதென்றால் இனி ஒரே ஊர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். கையில் இருந்த விடுப்பையெல்லாம் இதற்காகவே சேர்த்து வைத்தேன்.

முதல் வாரம் எல்லாரையும் போலக் கோயில் கோயிலாக அலைந்தேன். இரண்டாவது வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டியவை முடிந்துவிட்ட மாதிரி ஒரு சோர்வு. விடாமல் மழை, பேச ஆளில்லை. போகிறவர்கள் இந்த வாரத்தை எதிர்பார்த்தே போகவேண்டும். அதைத் தாண்டினால்தான் ஊர் பேசத் தொடங்குகிறது.

என்னிடம் அது குப்பை மூலமாகப் பேசியது. கியோட்டோவில் எரிக்கும் குப்பையை மாநகராட்சியின் மஞ்சள் பையை விலைக்கு வாங்கி, அதில்தான் போடவேண்டும். வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டு மணிக்குள் வெளியே வைத்து, காக்கை கொத்தாமல் வலையால் மூடவேண்டும். டின், பாட்டில் எல்லாம் வேறு நாள், வேறு பை. நான் ஒரு டின்னை மஞ்சள் பையிலேயே போட்டுவிட்டேன். வண்டி மற்ற பைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு என் பையில் மட்டும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விட்டுப் போயிருந்தது. தெருவே பார்க்க அது அங்கே கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா (எழுபதுக்கு மேல் இருக்கும்) குப்பை அட்டவணையோடு வந்து கதவைத் தட்டி, வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழமையாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் ஒரு ஆள் உண்டு.

அந்த அம்மா தினமும் காலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். நம் வீட்டு வாசலைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தன் வாசல் முடிந்ததும் என் பக்கம் ஒரு அடி தூரம் பெருக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார். அங்கே அதுதான் வழக்கமாம். எல்லைக்கோட்டிலேயே நிறுத்தினால் ஒட்டாத குணம், முழுவதையும் பெருக்கினால் அடுத்தவருக்குச் சங்கடம். மூன்றாவது வாரம் நானும் ஒரு துடைப்பம் வாங்கி அவர் பக்கம் ஒரு அடி பெருக்கத் தொடங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு காமோ கத்தரிக்காய் கொடுத்தார். குண்டுக் கத்தரி, ஒரு கை கொள்ளாது. பாதியாக வெட்டி, எண்ணெயில் வேகவிட்டு, மேலே இனிப்பு மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) தடவிச் சாப்பிடுகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: சாதாரண சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சொந்தமாகச் சமைக்க ஒரு அடுப்பு இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இவ்வளவும் சொன்னது கியோட்டோவின் கியோன் திருவிழாவுக்கு வருவதற்காகத்தான். 869இல் கொள்ளைநோய் பரவியபோது அதைத் தணிக்க நடத்திய சடங்கிலிருந்து வந்தது என்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் ஜூலை 17 தேர் ஊர்வலத்துக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கோ அது ஜூலை 1 முதல் 31 வரை நடக்கிற விழா. 10ஆம் தேதி காலை ஷிஜோ தெருவில் தேர் கட்டக் கட்டை கட்டையாக மரத்தை இறக்கினார்கள். அடுத்த மூன்று நாளும் அதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஒரு ஆணிகூட அடிக்காமல் வைக்கோல் கயிற்றாலேயே கட்டுகிறார்கள். ஒருவர் கயிற்றைச் சுற்றுகிறார், இன்னொருவர் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குகிறார். கட்டி முடித்த முடிச்சுகள் பின்னல் போட்ட மாதிரி வரிசையாக நிற்கின்றன. சட்டத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, நடுக்கம்பத்தைச் செருகி, கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தும்போது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்த பெரிய தேர் சுமார் 25 மீட்டர் உயரம். ஊர்வலத்தன்று முக்கில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி வழுக்கி இழுக்கிறார்கள். தேர்களின் பக்கங்களில் தொங்கும் பழைய விரிப்புகளில் பெல்ஜியத்தில் நெய்ததும் உண்டு, இந்தியாவிலிருந்து போனதும் உண்டு.

24ஆம் தேதி இரண்டாவது ஊர்வலம் இருக்கிறது. 1966இல் முதல் ஊர்வலத்தோடு சேர்த்துவிட்டிருந்ததை 2014இல் மறுபடி பிரித்து நடத்தத் தொடங்கினார்கள். கூட்டம் குறைவு. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

சரி, செலவு. ரயிலில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் வாங்கும் ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. எனக்கு அந்தச் செலவே இல்லை. ஒரு வாடகை சைக்கிள், மாத வாடகையில் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். சுற்றுலா விசாவில் அங்கே வேலை பார்க்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். தங்குமிடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புகளுக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதைக் கியோட்டோ மாநகராட்சி ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைக்கும் என்று சுருக்கி வைத்திருக்கிறது. எனக்கு அலைச்சல்தான், ஆனாலும் அது நியாயமான சட்டம். பேருந்தில் ஊர்க்காரர்களுக்கே ஏற இடமில்லாமல் போய், 2023இல் ஒருநாள் பஸ் பாஸ் விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் கியோன் என்ற பகுதியின் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையவே தடை போட்டார்கள். அந்த ஊர் களைத்துப்போயிருக்கிறது. அங்கே போவதென்றால் நெரிசலைக் கூட்டாமல் தெருக்கடையில் காய் வாங்கி, குப்பையைப் பிரித்து வைத்து வாழ்ந்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் ஏழு வாரம் கிடைக்காது, தெரியும். ஆனால் பதினைந்து நாளில் நான்கு ஊர் என்று பணம் கட்டப் போகிறவர்களிடம் கேட்கிறேன், அந்தப் பதினைந்து நாளையும் ஒரே ஊருக்குக் கொடுத்துப் பாருங்களேன்.

24ஆம் தேதி ஊர்வலம் முடிந்த கையோடு தேர்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் நடைபாதை ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சுகளைக் கத்தியால் அறுத்து அறுத்துப் போட்டார்கள். தெருவெல்லாம் வைக்கோல் வாசனை. அந்த அம்மா குனிந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, என் கையில் கொடுத்தார்.