வாசலில் நின்று ஊர் கேட்பது பிச்சையெடுப்பது அல்ல

வியாழக்கிழமை பெற்றோர் குழுவில் வந்த செய்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "பிள்ளைகளை வீடு வீடாகப் பிச்சையெடுக்க அனுப்புகிறார்கள், இதற்கா பள்ளிக்கூடம்?" அந்தப் பிள்ளைகளை அனுப்பிய புவியியல் ஆசிரியர் நான்தான். எட்டாம் வகுப்புக்கு இடப்பெயர்வுப் பாடம். அவரவர் தெருவில் ஐந்து வீடுகளில் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொன்னேன்: சொந்த ஊர் எது, எந்த ஆண்டு திருப்பூருக்கு வந்தீர்கள், ஏன் வந்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

மனிதப் புவியியலை மனிதரிடம் கேட்டுத்தான் படிக்க முடியும். இருபது ஆண்டு வகுப்பறையில் நின்று நான் கற்றது இவ்வளவுதான்.

மதிப்பெண் வருமா என்று கேட்பார்கள். சதுர கிலோமீட்டருக்கு இந்தியாவில் 382 பேர், தமிழ்நாட்டில் 555 பேர் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கிறார்கள். இரண்டும் 2011 கணக்கெடுப்பின் எண்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த எண்களுக்குப் பிறகு பிறந்தவர்கள். தாங்கள் இல்லாத ஒரு கணக்கை மனப்பாடம் செய்கிறார்கள்! லைன் வீட்டில் ஒரே குழாயடியில் பத்துக் குடும்பங்கள் குடத்தோடு நிற்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, அடர்த்தி என்றால் என்ன என்று அங்கிருந்து சொல்லித் தந்தால் மறக்குமா?

ஆறாம் வகுப்பில் தன் தெருவை வரையட்டும்: ரேஷன் கடை, குழாயடி, பனியன் கம்பெனி. எட்டில் அந்தத் தெருவுக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கட்டும். பத்தில் நொய்யல் ஆற்றுக்கு வரட்டும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன், வேலை போனவர்கள் என்ன செய்தார்கள் என்று வீட்டில் கேட்டாலே தெரியும். இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள் என்று புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885-இல் எழுதியதை மேல்நிலை வகுப்பில் படிக்கும்போது, எட்டாம் வகுப்பில் எழுதிய தாளை எடுத்துச் சரிபார்க்கலாம். மனிதரிடம் கேட்காமல் இதில் ஒரு படிகூட ஏற முடியாது.

என் அப்பா அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். கிணறு வற்றியது, மழையும் பொய்த்தது, இங்கே வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். ஊரைவிட்டுக் கிளம்ப வைக்கும் காரணத்தை 'உந்து காரணி' என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது எங்கள் கிணறுதான் என்று கல்லூரியில்தான் உறைத்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். கிணறு எந்த ஆண்டு வற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு பற்றிச் சொல்கிறவர்களிடம் மறுப்பு இல்லை. பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்று நான் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். தவறுதான்.

ஆனால் "ஊர் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குச் சங்கடம்" என்கிறார்களே, அதை ஏற்க மாட்டேன். என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு வகுப்பில் 'வடக்கன்' என்றுதான் பெயர். அப்போது யாருக்கும் சங்கடம் வரவில்லை. யாரும் குழுவில் எழுதவில்லை. முதல் நாள் வந்த பதினான்கு தாள்களில் திருப்பூரையே சொந்த ஊராகச் சொன்ன வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். தேனி, திண்டுக்கல், விளாத்திகுளம், ஒடிசாவின் கஞ்சாம் என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பையனின் தாத்தா ஊரும் பலகையில் இருந்தது. நான் பத்து முறை கண்டித்து நடக்காதது அன்று நடந்தது. அதைத்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஒடிசாப் பையன் தாளோடு வந்தான். கீழ்வீட்டுத் தாத்தாவிடம் ஊரைக் கேட்டுவிட்டானாம், ஆண்டைக் கேட்க மறந்துவிட்டானாம். சாயங்காலம் போய்க் கேட்டு வரட்டுமா சார் என்றான். வேண்டாம்ப்பா, அப்படியே கொடு என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.