கடலில் கலக்கும் தண்ணீர் வீண் இல்லை

அப்பாவுக்கு 71 வயது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் கடைமடை விவசாயி. அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர், அந்தத் தண்ணீரை மடை மடையாகத் திருப்பி ஐம்பது வருஷம் நெல் போட்டவர். ஆறு போய்ச் சேரும் இடத்தைப் போன தை மாதக் கடைசியில்தான் முதன்முதலாகப் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து முத்துப்பேட்டை முப்பது கிலோமீட்டர்கூட வராது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து வீட்டில் கேட்டுவந்த ஒரு வார்த்தை உண்டு. மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் போகிறது என்று டிவியில் காட்டினால், அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு "அவ்வளவும் கடல்ல போயி வீணாப் போவுதே" என்பார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரை நாள் படகில் போய் வந்த பிறகு அந்த வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

படகு ஆசையைக் கிளப்பியது என் மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அதற்கு முந்தைய வருஷம் சீட்டுப் பணம் எடுத்து அந்தமான் போயிருந்தோம். ஹேவ்லாக்கில் காலையில் படகேறி, எலிஃபெண்ட் கடற்கரைக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் பயணம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதக்க வேண்டும். ஸ்நார்கெலிங் என்பது அவ்வளவுதான். கூட வருபவர் மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துப் போகிறார். முதல் ஐந்து நிமிஷம் மூக்கால் மூச்சிழுக்கப் பார்த்துத் திணறுவோம். வாயால் மெதுவாக இழுத்துவிடப் பழகியதும் நம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் காதில் கேட்கும். கீழே பவளம். விரல் விரலாக ஆடுகிற கடல் தாமரைக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மீன் ஒன்று நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. மகள் தண்ணீருக்குள்ளேயே கத்தினாள்.

அங்கே ஒன்று என்னை ரொம்பவே வருத்தியது. எங்களோடு வந்தவர்களில் இரண்டு பேர் களைப்பாக இருக்கிறதென்று பவளத்தின் மேலேயே ஏறி நின்றார்கள். கூட்டிப்போன ஆள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கல் மாதிரி உருண்டையாகத் தெரிகிற பவளம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அது கல் இல்லை, உயிர். நான் சொல்லப்போய் வாய்ச்சண்டையாகிவிட்டது. இன்றைக்கும் சொல்வேன், பவளத்தில் கால் வைக்காதே என்று படகில் ஏறும் முன்பே சொல்லாதவர்கள் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது.

ஊருக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "நம்ம ஊர்க் கடல்லயும் இப்படிப் பார்க்கலாமாப்பா?"

முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பவளத்துக்குத் தெளிந்த தண்ணீரும் வெயிலும் வேண்டும். வண்டல் வந்து மூடினால் செத்துப்போகும். பெரிய ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் அது நிலைக்காது. நாம் நிற்கிற தரையே காவிரி சுமந்துவந்து போட்ட மண். முத்துப்பேட்டையில் கண்ணாடி மாட்டிக் குப்புற மிதந்தால் நீட்டிய கை தெரியாது. கட்டாயம் தண்ணீருக்குள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்குப் போகலாம். அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஸ்நார்கெலிங் நடத்துகிறார்கள். நம் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரி, அதையாவது பார்ப்போம் என்று கிளம்பினோம். சம்பா அறுவடை முடிந்திருந்ததால் அப்பாவும் வருகிறேன் என்றார். வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். காலை ஆறரைக்கு ஜாம்புவானோடையில் படகேறினோம். பனி இன்னும் விலகவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் குனிந்து ஆற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். வயலுக்குப் பாயும் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்.

"லேசாக் கரிக்குது" என்றார். "இது எந்த ஆறு?"

"கோரையாறுங்கய்யா" என்றார் படகு ஓட்டிய அண்ணன்.

"அப்ப எங்க பாமணி?"

"அதுவும் இதே லகூன்லதான் வந்து விழுது. கிளைத்தாங்கியாறு, மரக்காக்கோரையாறு எல்லாம் இங்கதான். உங்க வயல்ல வடியிற தண்ணிதான்யா எங்களுக்குப் பொழப்பு."

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதை அப்பா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பிரிந்தவை இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்பது அவருக்குப் புதுசு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போகப் போக ஆறு அகன்றது, இரண்டு பக்கமும் அலையாத்தி மரம். ஒரு வளைவில் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினார். அந்தப் பயணத்திலேயே நல்ல நேரம் அப்போதுதான் தொடங்கியது. சேற்றுத் திட்டில், ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு மீன் தண்ணீரை விட்டு வெளியே உட்கார்ந்திருந்தது. கண் இரண்டும் தலைக்கு மேலே முண்டு மாதிரி. முன் துடுப்பு இரண்டையும் கை போல ஊன்றிச் சேற்றில் தவழ்ந்தது, அப்புறம் ஒரே தாவலில் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது. பக்கத்திலேயே ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த குட்டி நண்டுகள் அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. மகள் படகின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தாள். அந்தமானில் கத்தியவள் இங்கே மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அந்த மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மேலே வேரை அனுப்பிச் சுவாசிக்கிறது. அண்ணன் ஒரு கிளையைப் பறிக்காமல் வளைத்து அப்பா பக்கம் நீட்டி, "இலையைத் தடவிப் பாருங்கய்யா" என்றார். இலையில் வெள்ளையாகப் பொடி. நாக்கில் வைத்தால் உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. "நம்ம நெல்லுக்கு இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார் அப்பா. எங்கள் போர்வெல் தண்ணீரில் பத்து வருஷமாக உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. அந்த வருத்தம்தான் அப்படி வந்தது.

லகூனில், அதாவது கடலை ஒட்டிய காயலில், நுழைந்ததும் ஒரே வெளிச்சம். இடுப்பளவு ஆழம்கூட இல்லாத பரந்த தண்ணீர். தூரத்துத் திட்டுகளில் கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள்மூக்கு நாரை. அதற்கும் அப்பால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைக் கூட்டம். அருகில் போகலாமா என்று கேட்டதற்கு அண்ணன் மறுத்துவிட்டார். கிளப்பிவிட்டால் மேய்ச்சல் போய்விடும், பாவம் என்றார். இத்தனைக்கும், அருகில் போயிருந்தால் நான் கூடுதலாகவே பணம் கொடுத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தவர்களில் மரியாதைக்குரிய மனிதர் அவர். கொஞ்ச நேரத்தில் வேறொரு படகு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது, கோடு மொத்தமும் எழுந்து தெற்கே போய்விட்டது. அந்தப் படகில் இருந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைக் கலைத்தோம் என்றே தெரிந்திருக்காது. இங்கே ஸ்பீக்கருக்குக் கட்டாயம் தடை வேண்டும். தண்ணீர் ஸ்கூட்டர் விட வேண்டும், ரிசார்ட் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கும் சொல்கிறேன், இந்த இடம் அதைத் தாங்காது. கோடியக்கரையோடு சேர்த்து 2002இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் இது.

திரும்பும் வழியில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எதற்கோ, "இவ்வளவு தண்ணி கடல்ல வீணாப் போவுதே" என்று வாயில் வந்துவிட்டது. அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, ஆத்துத் தண்ணி வராத வருஷம் இங்க இறாலு இல்ல, நண்டு இல்ல. மடவையும் கொடுவாவும் குஞ்சுல இருந்து பெருசாவுறது இந்தத் தண்ணியிலதான். கோடையில பாருங்க, கடலைவிட உப்பு ஏறிப்போயிக் கெடக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் இந்த ஒரே வெண்கண்டல் மரம்தான். அங்கங்கே தில்லை இருக்கிறது, பால் கண்ணில் பட்டால் எரியும் என்று எச்சரிக்கிறார்கள். பிச்சாவரத்தில் விழுதிறங்கும் சுரபுன்னை அடர்ந்திருக்கிறதே, அது இங்கே காடாக நிற்கவில்லை. இங்கே உப்பு அதிகம், உப்பை அதிகம் தாங்குகிற மரம் மட்டும் தாக்குப்பிடித்திருக்கிறது. நன்னீர் குறையக் குறைய இதுவும் கஷ்டப்படும். காட்டுக்குள் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து மரத்தை மீட்டிருக்கிறார்கள். கடல் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துவிடலாம், ஆற்றுத் தண்ணீர் மேலே இருந்துதான் வர வேண்டும்.

எங்கள் போர்வெல்லில் ஏறுகிற உப்பும் இதே கணக்குதான். ஆற்றில் நன்னீர் ஓடினால் கடலை அதன் இடத்தில் நிறுத்தும். ஓடவில்லையென்றால் உப்பு முகத்துவாரம் வழியாக ஏறும், நிலத்தடியிலும் ஏறும். அதில் முதலில் அடிபடுவது கடைமடைக்காரன். கடலுக்குப் போகிற தண்ணீரை வீண் என்று சொல்லி நாங்களே எங்கள் வயலுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் டெல்டாக்காரனே இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்த இறுதித் தீர்ப்பைப் பாருங்கள். 740 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) பங்கு பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டிஎம்சி என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் உரிமைக்காகப் பேசும்போது மற்ற எண்களை எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறோம், இந்த இரண்டு எண்களை யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் 14 டிஎம்சி என்பதே குறைவு. ஏரி குளங்களைத் தூர்வாருவதற்கும், வெள்ளக் காலத்தில் லட்சக்கணக்கான கன அடி போகும்போது தேக்க முடிந்ததைத் தேக்குவதற்கும் நான் எதிரி இல்லை. அது நடந்தே ஆக வேண்டும். ஆனால் வெள்ளம் போவது கொள்ளிடம் வழியாக. முத்துப்பேட்டைக்கு வருவது எங்கள் வயல் வடிகால். கொள்ளிடம் பெருக்கெடுத்து ஓடும் வருஷத்திலும் இங்கே பற்றாக்குறை வரலாம்.

லகூனைத் தாண்டி தெற்கே மல்லிப்பட்டினம், மனோரா வரைக்கும் கடலுக்கடியில் புல் வளர்கிறது. அதைத் தின்று வாழ்கிற கடல்பசுவுக்காக, மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதற்காக, 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே கடல்பசுவுக்கென்று முதல் பாதுகாப்பகம் அதுதான். அதில் ஒரு பகுதி நம் தஞ்சைக் கரை, நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லையில் 140 தென்னையில் 11 நின்றது. இந்தக் காடும் அன்று மொட்டையாகிப் போனதாம். இலை ஒன்று இல்லாமல் குச்சியாக நின்றதைப் பார்த்து அழுதேன் என்றார் படகு அண்ணன். அவர் அதைச் சொல்லும்போது அப்பா அவர் தோளில் கை வைத்தார். தென்னையை இழந்தவருக்கு அது புரிகிறது.

போக நினைக்கிறவர்கள் கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவில் போங்கள். விடியலில் ஏறினால் பறவை இருக்கும், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். லைஃப் ஜாக்கெட்டை ஆழம் குறைவுதானே என்று கழற்றாதீர்கள், அடியில் சேறு இழுக்கும். கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலை எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திருப்பிக் கொண்டுவாருங்கள். மோட்டாரை ஒரு கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லி நீங்களே கேளுங்கள், படகுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். முடிந்தால் வீட்டில் விவசாயம் பார்த்த பெரியவர்களைக் கூட்டிப் போங்கள்.

வருகிற தையில் மறுபடி போகிறோம். அடுத்த வயல் பெரியப்பாவுக்கும் ஒரு இடம் போட்டுவை என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். அவருக்கு 76 வயது. அவரும் இன்னும் பார்த்ததில்லை.