இதுக்குப் பெயர் றேடியோவாம்!

"இப்ப எல்லாம் டிஜிற்றல், கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்கும், இனி எஃப்எம்மை மூடலாம்" என்று சொல்கிற ஆட்களை ஒருக்கா எங்கள் வன்னியில், ஒட்டுசுட்டானில் பஸ் ஏற்றி மாங்குளம் வரைக்கும் போனில் அந்த றேடியோச் செயலியைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். காடு தொடங்கினால் சத்தம் பட்டென்று நிற்கும், திரையில் வட்டம் சுற்றும், பிறகு திரும்பி வந்தால் முதலில் ஒரு விளம்பரம்! எஃப்எம்மில் அலை குறைந்தால் இரையும், கரகரக்கும், ஆனாலும் அறிவிப்பாளர் சொல்வது விளங்கும். டிஜிற்றலில் அந்த அரைகுறையே கிடையாது, வந்தால் முழுக்க வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

நோர்வே 2017இல் தேசிய வானொலிகளை எஃப்எம்மில் இருந்து டிஜிற்றலுக்கு மாற்றியது உண்மைதான். ஆனால் முதலில் நாடு முழுக்க டிஜிற்றல் அலையை அனுப்புகிற பரப்பிகளைக் கட்டிவிட்டுத்தான் மாற்றினார்கள், அப்படியும் சின்ன உள்ளூர் நிலையங்கள் பலவற்றை எஃப்எம்மிலேயே விட்டுவைத்தார்கள். எங்களுக்கு டிஜிற்றல் என்று வந்தது போனும் டேட்டாவும் மட்டும்தான். செயலியில் விநாடிக்கு 64 கிலோபிட் ஒலிக்கு மணிக்கு 29 எம்பி டேட்டா அளவில் போகும். வயலில் நிற்கிறவர் நாளுக்கு 4 மணித்தியாலம் கேட்டால் மாதம் கிட்டத்தட்ட மூன்றரை ஜிபி, றேடியோ கேட்க! போனுக்குள் எஃப்எம் இருந்தால் இயர்போன் வயர்தான் அன்ரனா, புதுப் போன்கள் பலவற்றில் அந்த வயர் செருகுகிற ஓட்டையையே அடைத்துவிட்டார்கள்.

போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் இது. மணிக்கணக்காகப் பெடலை மிதித்து பிபிசியின் தமிழோசை கேட்டவர்களுக்கு, 2017 ஏப்ரலோடு அந்த வானொலிச் சேவையும் நின்று போனது. சரி, காலம் மாறுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு செயலியைத் திறந்தால் அதில் என்ன கிடக்கிறது? கணினி அடுக்கி வைத்த அதே பாட்டுகள், நடுவில் யாரோ பதிவு செய்து வைத்த சிரிப்பு. சிலது புலம்பெயர் நாட்டில் இருந்து வருகிறது, பனி கொட்டுகிறதாம், நெடுஞ்சாலையில் நெரிசலாம். எனக்கெதற்கு அது? உரம் வந்ததா, நெல் என்ன விலை, யாருடைய மரண அறிவித்தல், இதைச் சொல்ல ஒரு குரல் இல்லை. அறிவிப்பாளர் என்று வருகிற பிள்ளைகளும் மூன்று சொல்லுக்கு ஒரு 'வாவ்' போடாமல் விடமாட்டார்கள். (அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, எழுதிக் கொடுக்க ஆள் வைக்காதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.)

எல்லாவற்றையும் விட மோசம் மாரிகாலம். புயல் அடித்தால் முதலில் கரண்ட் போகும், பிறகு போன் கோபுரத்தின் பற்றரி இறங்கும், அதோடு கவரேஜும் போய்விடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் அந்த நேரத்தில்தான் தேவை, அது சரியாக அந்த நேரத்தில்தான் கேட்காது. இணைப்பு இருந்தாலும் செயலி நேரலைக்குப் பின்னால்தான் ஓடும், அரை நிமிடம் ஒரு நிமிடம் கூடப் பிந்தும். இரண்டு பற்றரி போட்ட சின்ன எஃப்எம் பெட்டிக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. அதைத்தான் 'பழசு' என்கிறார்கள்!

எஃப்எம்மை மூடுகிற கதை எடுக்கிறவர்கள் முதலில் இங்கே ஒரு பரப்பியைக் கட்டிவிட்டு வரட்டும். கட்டினாலும் காலையில் அரை மணித்தியாலம் எங்கள் குளத்தையும் வயலையும் பற்றிக் கதைக்க ஒரு ஆளைப் போடுங்கள், சம்பளம் கொடுத்து.