ஒரு இன்ச்சுக்கு 38 மணி நேரம் பேக்சார்ஜ், அதுவும் எங்க தலையிலயாம்

நேத்து ராத்திரி 11.40க்கு ஒரு மெயில். சப்ஜெக்ட்ல "டீட்டெய்லிங் எரர், ஸ்டேர் 1". உள்ள ஒரே ஒரு போட்டோ, படிக்கட்டு ஸ்ட்ரிங்கர் (படிகளைத் தாங்கற சாய்வு பீம்) க்ரேன்ல தொங்குது, அதுக்கும் தரைக்கும் நடுவுல ஒருத்தன் டேப்பை விட்டு அளந்து காட்டறான், 1 இன்ச் இடைவெளி. கீழ ஒரு வரி: ஷாப்ல (ஸ்டீல் வெட்டற பட்டறையில) திருப்பிச் செய்ய 38 மணி நேரம் ஆகும், உங்க பில்லுல கழிச்சுக்கறோம். இதுக்குப் பேர்தான் பேக்சார்ஜ். அவ்ளோதான். அந்த டிராயிங் மூலையில செக்கர், அதாவது சரிபார்த்தவர் கட்டத்துல என் இனிஷியல் இருக்கு, அதனால ஆபீஸ்ல எல்லாரும் இப்ப என்னையே பாக்கறாங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, இங்க கொட்டலைன்னா நாளைக்கு மீட்டிங்ல யார் சட்டையையாவது பிடிச்சிருவேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். அமெரிக்காவுல ஒரு ஸ்டீல் பில்டிங் கட்டறாங்கன்னா இன்ஜினியரோட டிராயிங்ல ஒரு பீமுக்கு ஒரு கோடும் பக்கத்துல டபிள்யூ 16×26ன்னு அதோட சைஸும்தான் இருக்கும். அதை எத்தனை அடி எத்தனை இன்ச் அதுக்கு மேல பதினாறுல எத்தனை பங்குன்னு வெட்டணும், ஓட்டை எங்க, போல்ட் எத்தனை, வெல்டு என்ன சைஸ், எந்த இடத்துல கோப் (முனையில ஒரு வெட்டு) எடுக்கணும்னு எல்லாத்தையும் டெக்லாங்கற சாஃப்ட்வேர்ல மாடல் பண்ணி ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு ஷீட் போட்டு ஷாப்புக்கு அனுப்பறது நாங்க, இதுக்குப் பேர்தான் டீட்டெய்லிங், அந்த ஷீட்டுதான் ஷாப் டிராயிங். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இதுக்குன்னே அவ்வளவு ஆபீஸ் இருக்கு. ஆனா சொந்தக்காரங்க கல்யாணத்துல போய் நின்னா "இன்னும் அந்த ஆட்டோகேட் வேலைதானாப்பா"ன்னு கேப்பாங்க. 11 வருஷமாச்சு சித்தப்பா, ஆமா அதேதான், சாம்பார் ஊத்துங்க.

சரி, அந்த ஒரு இன்ச்சுக்கு வரேன்.

ஓஹியோவுல ஒரு ரெண்டு மாடி ஆபீஸ் பில்டிங். ஸ்ட்ரக்சரல் டிராயிங்ல கீழ்த்தள மட்டம் 100 அடின்னு வச்சுக்கிட்டு, ரெண்டாவது தளம் 114 அடி. ஆக 14 அடி, அதாவது 168 இன்ச். அங்க இருக்கற பில்டிங் கோடு, அதாவது கட்டட விதிப்படி, பொது படிக்கட்டுல ஒரு படியோட உயரம் 7 இன்ச்சைத் தாண்டக் கூடாது, கால் வைக்கற அகலம் (ட்ரெட்) 11 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. 168ஐ 7ஆல வகுத்தா 24, மீதியே இல்ல, 12 படி ஏறி ஒரு லேண்டிங், திரும்பி 12 படி, கண்ணுல ஒத்திக்கற மாதிரி கணக்கு. எங்க டீம்ல ஒன்றரை வருஷ அனுபவத்துல ஒரு பொண்ணு இருக்கா, அவதான் ஸ்டேர் மாடல் பண்ணா. மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்றேன், "அண்ணா, ஆர்க்கிடெக்ட் செக்‌ஷன்ல 14 அடி 1 இன்ச்னு இருக்கே"ன்னா. போய்ப் பார்த்தா ஆமா. வெளிய நடைபாதை மட்டத்துக்குச் சரியா வரணும்னு லாபி பக்கம் மட்டும் ஸ்லாப்பை 1 இன்ச் இறக்கி 99 அடி 11 இன்ச்னு போட்டிருக்கான் ஆர்க்கிடெக்ட். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு இன்ச்தானே, ஸ்ட்ரிங்கரை ஒரு இன்ச் நீட்டிட்டா போச்சுன்னு நினைப்பீங்க. போகாது. 169ஐ 24ஆல வகுத்தா 7.04. கோடு ஃபெயில். ஒரே ஒரு படியில மட்டும் அந்த 1 இன்ச்சை ஏத்திடலாமான்னா, முதல்ல அந்தப் படி 8 இன்ச் ஆயிடும், அது போக ஒரு ஃப்ளைட்ல (லேண்டிங் வரைக்குமான ஒரு வரிசையில) படிக்குப் படி வித்தியாசம் 3/8 இன்ச்சுக்கு மேல போகக் கூடாது, அதுலயும் ஃபெயில். அப்ப 25 படி வைக்கணும். 25 படின்னா ஒரு ஃப்ளைட்ல ஒரு ட்ரெட் கூடும், 11 இன்ச் நீளம் கூடும், அந்த 11 இன்ச் எங்க இருந்து வரும், ஸ்டேர் சுவர் ரெண்டு பக்கமும் முடிஞ்சு போச்சு, லேண்டிங்ல இருந்து திருடினா லேண்டிங் அகலம் பத்தாது. ஒரு இன்ச் வந்து உட்கார்ந்தா அந்த ரூமே பத்தல.

உடனே ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்டு அனுப்பற கடிதம்) போட்டோம். ரெண்டு டிராயிங்கோட ஸ்க்ரீன்ஷாட், சிவப்புல வட்டம், மேல சொன்ன கணக்கு, "14 அடியா, 14 அடி 1 இன்ச்சா, தயவு செஞ்சு உறுதி பண்ணுங்க"ன்னு எல்.கே.ஜி. பிள்ளைக்குப் புரியற மாதிரி. ஆறு நாள் கழிச்சு இன்ஜினியர் பதில்: "ஆர்க்கிடெக்சுரல் டிராயிங்கைப் பார்க்கவும்." சரின்னு ரெண்டாவது ஆர்.எஃப்.ஐ. ஆர்க்கிடெக்டுக்கு. அஞ்சு நாள் கழிச்சு பதில்: "ஸ்ட்ரக்சரல் டிராயிங்கைப் பார்க்கவும்." டேய்! ரெண்டையும் பார்த்துட்டுதானடா கேக்கறோம்! மூணாவது ஆர்.எஃப்.ஐ. ரெண்டு பேருக்கும் சேர்த்து போட்டோம். அதுக்கு வந்த பதிலை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்: "ஃபீல்டுல சரிபார்க்கவும்." எந்த ஃபீல்டுல? அன்னைக்கு அங்க அஸ்திவார ஃபுட்டிங் மட்டும்தான் இருக்கு. ஸ்லாப் போடல, தூண் நிக்கல, ஸ்டீல் நாங்க டிராயிங் குடுத்தாத்தான் வெட்டவே ஆரம்பிப்பாங்க. பழைய பில்டிங்ல எக்ஸ்டென்ஷன் வேலைன்னா ஃபீல்டுல அளந்துக்கோன்னு சொல்றது நியாயம், பிறக்காத குழந்தைக்கு எந்த டேப்பை வச்சு உயரம் அளக்கறது?

இவங்களுக்கு வேலை ஜாஸ்தி, அதான் லேட், அதான் அரைகுறை பதில்னு நானும் முதல் அஞ்சாறு வருஷம் நம்பினேன். இப்ப நம்பறதில்ல. பதில் தெரியாம இல்ல. "14 அடி 1 இன்ச்"னு ஆர்க்கிடெக்ட் எழுதிட்டா, அடுத்த வரில "அப்ப என் ஸ்டேர் ரூம் 11 இன்ச் சின்னது"ன்னும் எழுதின மாதிரி. "14 அடி"ன்னு இன்ஜினியர் எழுதிட்டா நாளைக்கு ஸ்லாப் மட்டம் தப்பானா அது அவர் தலையில. யாரு எழுதறாங்களோ அவங்க தப்பு, அதனால யாரும் எழுத மாட்டாங்க. எழுதாத பதிலோட விலையை, ஊருக்கு இளைச்சவன் யாருன்னு பார்த்து, பத்தரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கற எங்க பில்லுல கழிப்பாங்க.

நடுவுல ஃபேப்ரிகேட்டர் (ஷாப்பை நடத்தற கம்பெனி) ப்ராஜெக்ட் மேனேஜர் தினம் கால். அவனுக்குக் காலை பத்து, நமக்கு ராத்திரி எட்டரை, மார்ச்ல அங்க கடிகாரத்தை மாத்தினா ஏழரை, அவன் ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி என் வீட்டு சாப்பாட்டு நேரம் மாறும். "ஷாப் காலியா நிக்குது, ஸ்டேர் எப்ப வரும்?" ஆர்.எஃப்.ஐ.க்கு உருப்படியா பதில் வரலைன்னு சொன்னா "ஸ்ட்ரக்சரல் படி போங்க, க்ளவுட் போட்டு நோட் எழுதுங்க, அப்ரூவல்ல அவங்க பிடிச்சுப்பாங்க"ன்னான். க்ளவுட்னா சந்தேகமான இடத்தைச் சுத்தி மேகம் மாதிரி போடற கோடு, அப்ரூவல்னா இன்ஜினியரும் ஆர்க்கிடெக்டும் எங்க ஷீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பறது. இதை வாயால சொன்னான். மெயில்ல போடுன்னு கேட்டேன், "ஷூர் ஷூர்"னான். அந்த மெயில் இன்னும் வந்துட்டே இருக்கு.

நாங்களும் 14 அடி வச்சு, 24 படி போட்டு, பெருசா க்ளவுட் போட்டு, "உயரம் 14 அடி என்று எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது, உறுதி செய்யவும், ஆர்.எஃப்.ஐ. மூணையும் பார்க்கவும்"னு எழுதி அனுப்பினோம். அப்ரூவல் திரும்பி வந்தது. கைப்பிடி பைப்போட முனையில ஒரு மூடி போடச் சொல்லி சிவப்பு மை, எங்க எழுத்துப் பிழை ஒண்ணுக்கு சிவப்பு மை. எங்க க்ளவுட் மேல ஒரு புள்ளி கூட இல்ல. கீழ மூலையில ஸ்டாம்ப், "ஆட்சேபணை இல்லை".

அந்த ஸ்டாம்ப்பைப் படிச்சிருக்கீங்களா? பொடி எழுத்துல, இது பொதுவான டிசைன் கருத்துக்கு ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பார்த்தோம், அளவுகளுக்கும் சைட்ல பொருந்தறதுக்கும் கான்ட்ராக்டரே பொறுப்புன்னு இருக்கும். அப்ப எதுக்கு சாமி 14 நாள் வச்சிருந்தீங்க? மூடிக்கா?

ஷாப் டிராயிங்னா வெறும் கோடு, பார்த்தும் பாக்காம ஸ்டாம்ப் குத்தலாம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், எங்க முதல் செக்கர் சார் எனக்குச் சொன்னது. 1981 ஜூலை 17, கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். லாபிக்கு மேல தொங்கிட்டிருந்த நடைபாலங்கள் விழுந்து 114 பேர் செத்தாங்க. டிசைன்ல நாலாவது மாடிப் பாலத்தையும் ரெண்டாவது மாடிப் பாலத்தையும் மேல இருந்து வர ஒரே நீள ராடு தாங்கணும். ஷாப் டிராயிங் கட்டத்துல அந்த ராடை ரெண்டா பிரிச்சாங்க. பேப்பர்ல பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாற்றம். ஆனா கீழ்ப் பாலத்தோட எடை முழுக்க மேல் பாலத்து பீமுல தொங்கி, நட்டு உட்கார்ற இடத்துல லோடு ரெண்டு மடங்காச்சு. முதல் டிசைனே கோடுக்குப் பத்தலைன்னு பின்னாடி விசாரணையில தெரிஞ்சது, அது தனிக் கதை. அந்த ஷாப் டிராயிங்லயும் இன்ஜினியர் தரப்பு ஸ்டாம்ப் இருந்தது. நல்லா யாரும் பாக்கல. கடைசியில லைசென்ஸ் போனது இன்ஜினியருங்களுக்கு. எங்க ஸ்டேர்ல யாருக்கும் உயிர் போகப் போறதில்ல, தெரியும், ஆனா க்ளவுட்டைப் பாக்காத கண்ணு அதே கண்ணுதான்.

ரிவிஷன் கதையைத் தொட்டா விடிஞ்சிரும், ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அதுவும் இதே ஜாப்தான். ஏ.சி. டக்ட்டுக்கு இடம் பத்தலைன்னு 9 பீமை டபிள்யூ 16×26ல இருந்து உயரம் குறைஞ்ச டபிள்யூ 12×26 ஆக்கினாங்க, அப்ரூவல் எல்லாம் முடிஞ்சப்புறம். "மைனர் ரிவிஷன்"னு மெயில். மைனரா? 4 போல்ட் 3 போல்ட் ஆகுது, ரெண்டு முனையிலயும் பீமைப் போல்ட் போட்டு மாட்டற தகடு, ஷியர் டேப், 11½ இன்ச்ல இருந்து 8½ இன்ச் ஆகுது, அந்த டேப் வெல்டு ஆகி இருக்கற கர்டர் (பெரிய பீம்) ஷீட் மாறுது, டேப்போட பார்ட் மார்க் (பீஸோட அடையாள எண்) மாறுது, மார்க் மாறினா மெஷினுக்குப் போற என்.சி. ஃபைல் மாறுது, போல்ட் லிஸ்ட் மாறுது, எரக்‌ஷன் ஷீட் மாறுது. 9 பீமுக்கு 30 ஷீட்டுக்கு மேல தொட்டோம். இந்த கூடுதல் வேலைக்குக் காசு, அதாவது சேஞ்ச் ஆர்டர், கேட்டா என்ன பதில் தெரியுமா, டன் கணக்குலதானே உங்களுக்கு ரேட்டு, டன்னு மாறலையே! ஆமா, அந்த 26ங்கறது அடிக்கு 26 பவுண்டு, அப்பவும் 26, இப்பவும் 26. எடை மாறல, எங்க ரெண்டு ஞாயித்துக்கிழமை மட்டும் காணாம போச்சு.

இதெல்லாம் வெளியூர்க்காரன் பண்றது. உள்ள என்ன வாழுதாம்? எங்க மேனேஜ்மென்ட் இந்த பேக்சார்ஜை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது, ஏன்னா அடுத்த ஜாப் அதே ஆள்கிட்ட இருந்து வரணும். கால்ல அவன் "வியாழக்கிழமை?"ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள நம்ம ஆளு "ஷூர்"னு சொல்லிருவார், திரும்பி எங்ககிட்ட வந்து "வியாழன் முடியுமாப்பா"ன்னு கேப்பார். முடியாதுன்னு சொல்றதுக்கு எங்கே கேப்பு? நேத்து காலேஜ் முடிச்சு மில்லிமீட்டர் மட்டுமே தெரிஞ்சு வந்த பையன்கிட்ட அடி இன்ச் பின்னம் கத்துக் குடுக்க ரெண்டு வாரம், மூணாவது வாரம் அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஷீட்னு டார்கெட், அதை நான் செக் பண்ண ஷீட்டுக்கு ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்துல ஒரு ஷீட்டை செக் பண்ண முடியாது, கும்பிட்டுத்தான் அனுப்ப முடியும். இது எங்க தப்பும்தான், மறைக்கல. ஆனா அந்த ஸ்டேருக்கு நான் ஏழு நிமிஷம் இல்ல, மூணு நாள் செலவழிச்சேன், அந்த ஆத்திரம்தான் இது.

இன்னைக்குக் காலைல எச்.ஆர். ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. "மூல காரணம்"னு ஒரு கட்டம், ரெண்டு வரிதான் எழுத முடியும், மூணாவது வரி டைப் பண்ணா எக்ஸல் ஏத்துக்க மாட்டேங்குது. அடுத்த கட்டம் "பொறுப்பானவர் பெயர்". டீம் லீடர் மெதுவா வந்து நின்னு, "மாடல் பண்ண பொண்ணு பேரைப் போட்டுருங்க, ஜூனியர்தானே, பெருசா ஒண்ணும் ஆகாது"ங்கறார். யோவ், அந்த ஒரு இன்ச்சை இந்தப் ப்ராஜெக்ட்லயே முதல்ல பார்த்தவ அவதான்யா! ரெண்டு நாட்டுல அவ்வளவு பேரு சம்பளம் வாங்கிட்டுப் பார்த்த டிராயிங்ல கண்டுபிடிச்ச ஒரே ஆளு பேரைத் தப்பு பண்ணவங்க கட்டத்துல போடணுமா?

போடல. அந்தக் கட்டத்துல மூணு ஆர்.எஃப்.ஐ. நம்பரை எழுதி, க்ளவுட் போட்ட ஷீட்டையும் ஸ்டாம்ப்பையும் அட்டாச் பண்ணி, ஃபேப்ரிகேட்டருக்கும் காப்பி போட்டு அனுப்பிட்டேன். காப்பி எதுக்குப் போட்டீங்கன்னு அரை மணி நேரத்துல ரெண்டு கால் வந்தாச்சு, எடுக்கல.

மதியம் அந்தப் பொண்ணு வந்து பக்கத்துல நின்னா. "அண்ணா, ஸ்டேர் 2 ஓப்பன் பண்ணேன்"னா. அவ மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. லாபிக்கு அந்தப் பக்கம், அதே இறக்கின ஸ்லாப், அதே செக்‌ஷன், 14 அடி 1 இன்ச். சாயங்காலத்துக்குள்ள அப்ரூவலுக்குப் போகணுமாம்.