ஆழம் இருக்கட்டும், அந்த ஆணிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

மண்ணில் புதைந்த காசு, மோதிரம் தேடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. புது மெட்டல் டிடெக்டர் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே எங்கள் கூட்டத்தில் விழும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆழம் போகும்?" என்பதுதான். நானும் பல வருடம் அதையே கேட்டவன். இப்போது யாராவது கேட்டால் கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது.

காரணம் சாதாரணக் கணக்கு. கருவியின் அடியில், தரைமேல் வீசுகிற கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தள்ளிப் போகப் போக வேகமாக மெலிந்துவிடும். ஓரளவு ஆழத்தில் கிடக்கும் சின்ன நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் இரண்டு மடங்கானால் அதைப் போய்ச் சேரும் புலம் எட்டில் ஒரு பங்கு. நாணயத்துக்குள் சுழலும் மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலமும் மேலே வருவதற்குள் இன்னொரு முறை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக, கருவிக்குக் கிடைப்பது 64-இல் ஒரு பங்கு. திருப்பிப் பார்த்தால், சுருளில் ஓடும் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் கூடுவது ஏறக்குறைய 12 சதவீதம். 25 செ.மீ. போன கருவி 28 செ.மீ. போகும், அவ்வளவுதான். அதற்குள் பேட்டரி மூச்சு வாங்கும். மண்ணில் இரும்புத் தாது இருந்தால் அதுவும் கூடவே இரண்டு மடங்கு கத்தும்.

சரி, நான் தவறவிட்டவை எல்லாம் ஆழத்தில் கிடந்தவையா? இல்லை. ஏற்கெனவே மூன்று முறை அலசிய ஒரு இடத்தில், சின்ன சுருளை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் போனபோது ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு விரல் ஆழம்கூட இல்லை. பக்கத்திலேயே துருப்பிடித்த ஆணி. அந்த ஆணிதான் இத்தனை நாளாகக் காசை மறைத்து வைத்திருந்தது. நம்பாதவர்கள் தரையில் ஒரு நாணயத்தை வைத்து, அதை ஒட்டி ஒரு ஆணியைப் போட்டு, இரும்பை ஒதுக்கும் அமைப்பில் கருவியை வீசிப் பாருங்கள். கண்முன்னே கிடக்கும் காசுக்குப் பல கருவிகள் வாயே திறக்காது. சின்ன சுருள் ஒரு நேரத்தில் கொஞ்ச இடத்தையே பார்ப்பதால் ஆணியையும் காசையும் பிரித்துப் பார்க்கும். சில நேரம் பெரிய சுருளைவிட அதுதான் அதிகம் பிடித்துத் தருகிறது என்றால், குறை எங்கே இருக்கிறது என்று புரியும்.

இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் நின்றுபோன குண்டைத் தேட தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இன்றைய டிடெக்டருக்கு முன்னோடியான ஒரு தூண்டல் கருவியோடு போனார். கண்டுபிடிக்க முடியவில்லை. குண்டு இல்லாத வலப்பக்கத்தில் மட்டுமே தேடவிட்டார்கள் என்பது ஒரு காரணம். படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பது இன்னொன்று. தேடுகிற உலோகத்தின் பக்கத்தில் தேடாத உலோகம். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது, நானும் அதே ஆணியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது, பான டப்பாவைத் திறக்க இழுக்கிற அந்த அலுமினிய வளையம். நான் இதுவரை தோண்டியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கதவு செய்யலாம். உலோகம் சிக்கினால் கருவியின் திரையில் ஒரு எண் வரும், அது உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கடத்துதிறன், பருமன், வடிவம் எல்லாம் கலந்த ஒரு விளைவைத்தான் சொல்கிறது. அதனால் மெல்லிய தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். அனுபவசாலிகள் சுற்றி வந்து குறுக்காக ஒரு முறை வீசிப் பார்ப்பார்கள். மோதிரம் பெரும்பாலும் எண் மாறாமல் நிற்கும், நாக்கு மடங்கிய வளையம் தடுமாறும். அது நம் காதும் கையும் சேர்ந்து செய்கிற ஊகம். கருவி அதைச் செய்யக் கூடாதா?

என் ஆசை இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குழியைத் தோண்டும்போதும் கருவிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது, அதை அது அப்படியே தூக்கி எறிகிறது. வீசும்போது வந்த முழு சிக்னலையும் அது சேமித்து வைக்கட்டும். தோண்டிய பிறகு ஒரு பொத்தானில் "வளையம்", "ஆணி", "காசு" என்று நான் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஒரு வருடம் இப்படிச் சொன்னால் எவ்வளவு சேரும்! மென்பொருள் அதில் கற்றுக்கொள்ளாதா? நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்ல வேண்டாம். "இது பத்தில் ஏழு முறை வளையம்" என்று நேர்மையாகச் சொன்னால் போதும், குனிவதா வேண்டாமா என்று என் முதுகு முடிவு செய்துகொள்ளும். செயற்கை நுண்ணறிவு என்ற ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி விற்றுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது, அது வேறு.

கம்பெனிகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009-இல் எக்ஸ்பி கம்பெனியின் டியூஸ் என்ற டிடெக்டர் சுருளையும் ஹெட்ஃபோனையும் வயரிலிருந்து விடுவித்தது. 2018-இல் மைன்லேப் கம்பெனியின் எக்வினாக்ஸ் டிடெக்டர் விற்பனைக்கு வந்த பிறகு, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்கிற வசதி நடுத்தர விலைக்கு இறங்கியது. ஈரமான கடற்கரை மணலில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாங்கிய கருவியே சாஃப்ட்வேர் அப்டேட்டில் மேம்படுவதும் எனக்குப் பிடிக்கும், முடிக்காத கருவியை விற்றுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனத்துக்கும் அதுவே வழி விட்டிருந்தாலும்.

கடைசியாக பேட்டரி. தண்ணீர் புகாமல் இருக்க மூடி ஒட்டியிருக்கிறோம் என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டார்ச் லைட்டில் ஒரு ரப்பர் வளையமும் திருகு மூடியும் வைத்து அதே வேலையைச் செய்கிறார்களே. என் முந்தைய கருவியில் மற்ற எல்லாம் நன்றாக இருந்தது, உள்ளே ஒட்டிய பேட்டரி மட்டும் மூன்றாவது வருடம் செத்துப்போனது. மாற்றித் தர முடியாது, புது மாடல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏன் என்று கேட்டேன்.

"இது இன்னும் ஆழமாகப் போகும் சார்."